பட்டா இல்லாத மேடை

செங்கற்பட்டு ஜில்லாவின் கலெக்டராயிருந்த திரமென்ஹீர், அந்த ஜில்லாவின் பறையர் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழுத மண்ணிலும் குடியிருந்த மனையிலும் யாதோர் உரிமையுமின்றி மிராசுதாரரின் தயவை நம்பிக் கிடந்த அவலத்தை 1891-ஆம் ஆண்டில் அரசாங்கத்துக்கு விரிவாக எழுதினார். மறு வருஷம் பிறந்த உத்தரவால் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். அவற்றுள் பல பின்னர் கைமாறிப் போனது தனிக் கதை. குறுங்காணொளிகளின் இசையைப் பற்றிப் பேச வந்தவன் நிலத்தில் தொடங்குவானேன் என்று வாசகர் வினவலாம். அவ்விசை ஒடுக்கப்பட்டோருக்கு ஆற்றல் தருகிறதா என்ற கேள்விக்கு, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேளாமல் விடை சொல்ல இயலாது என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பழைய ஜில்லாவில் அடங்கியிருந்த சேரப்பணஞ்சேரி இன்று ஒரகடத்து ஆலைகளின் அண்டை ஊர். காலை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த நான்கு பெண்கள், கழுத்து அட்டையைக் கூடக் கழற்றாமல், வாடகை அறையில் அரிசி டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்து, அரை நிமிஷப் பறையடிக்கு ஐந்தாம் முறையாக அடி எடுத்து வைப்பதைக் கண்டேன். "அடி விழும்போது திரும்புடி, முன்னாடியே திரும்பிடுற" என்று ஒருத்தி கடிந்துகொண்டாள். வேலைத்தளத்துக்குள் போன் கொண்டுபோக அனுமதியற்ற ஆலைகள் இங்கே பல உண்டாதலால், நாளின் எட்டு மணி நேரம் கையும் கண்ணும் மட்டுமாக இருந்தவள் முழு உடம்பாக ஆவது இந்த அரை நிமிஷத்தில்தான். சாவு வீட்டுக்கு உரியதென்று ஒதுக்கி, அடித்தவனையும் இழித்துரைத்த ஒரு வாத்தியத்தை, சினிமாப் பாட்டு ஆயிரம் இருக்க, தன் முகத்தோடு சேர்த்துக் காட்ட ஒருத்தி தானே தேர்ந்தெடுப்பது அற்ப விஷயமன்று. 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முறை மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு கானாவையும் பறையையும் சபைக்குக் கொணர்ந்து நடந்த வழியில்தான் இவளும் நடக்கிறாள்.

ஆயினும் மேடை யாருடையது? 2020 ஜூன் 29-ஆம் நாள் மத்திய அரசாங்கம் 59 செயலிகளைத் தடை செய்தபோது, சபா வாசலை மிதித்தறியாத எத்தனையோ பேர் அவற்றுள் ஒன்றான டிக்டாக்கில் சேர்த்து வைத்திருந்த ரசிகர் கூட்டம் ஒரே இரவில் கலைந்தது. தடையின் நியாயம் வேறு விவாதம். பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுதவனைப் போன்ற அவர்களிடம், நிலம் போயிற்றென்று அறிவிக்கக்கூட ஆளில்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது. 2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாயி எஞ்சாமி' என்ற பாடல் இன்னும் கூர்மையான சாட்சி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் நினைவிலிருந்து பாடகர் அறிவு எழுதிய அப்பாடல் எண்ணற்ற குறுங்காணொளிகளில் ஒலித்தது. அதனால் தமக்கு வருமானம் ஏதும் வரவில்லையென இசையமைத்த சந்தோஷ் நாராயணன் 2024-இல் பொதுவில் கூறினார். நிலமற்றோரின் பாட்டுக்கே நிலமில்லாது போயிற்று.

ஆகவே ஆற்றலே இல்லை என்று முடிவுகட்டுவது அவசரம். எல்லாம் ஆற்றல் என்று கொண்டாடுவதோ அதனினும் பெரிய பிழை. 2021 டிசம்பரில் விடுதிச் சோற்றால் நோயுற்ற தோழியருக்காக ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தபோது, அவர்களைச் சேர்த்தது அதே சோறு. எந்தச் செயலியின் தாளமும் அன்று. போன், செய்தியை விடுதிக்கு விடுதி கொண்டுபோயிற்று, அவ்வளவே.

சேரப்பணஞ்சேரியின் அந்த அறைப் பெண்களுள் ஒருத்தி, பொங்கலுக்கு ஊர் போனபோது தன் தகப்பனார் பறை அடித்ததைப் போனில் பிடித்து வந்து போட்டிருந்தாள். கீழே, பாட்டுக்குரிய கம்பெனியின் பெயர் வழக்கமாக வரும் இடத்தில், 'ஒரிஜினல் ஆடியோ' என்று அவள் கணக்கின் பெயரே நின்றது. "அப்பா பேரு போட முடியாதா?" என்று கேட்டேன். முடியும் போலிருக்கிறது, எப்படியென்று பார்க்க வேண்டும் என்றாள். அதற்குள் இரவு ஷிஃப்ட் பஸ்ஸின் ஹாரன் கேட்டது, பக்கத்து அறைப் பெண்கள் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடினார்கள்.