காமர், பெர்க்கின்ஸ், திருவிதாங்கூர்: நற்பெயர் யாருக்கு?

வாகனங்களின் நம்பகத்தன்மையை அவற்றின் முகப்பிலுள்ள நிறுவனப் பெயரோடு சேர்த்தே மதிப்பிடுவது வரலாற்றாய்வாளர்களிடமும் காணப்படும் பழக்கம். திருவனந்தபுரத்தின் பேருந்து வரலாறு அதை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கிவைத்த திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறைக்கு, இங்கிலாந்திலிருந்து 60 காமர் அடிச்சட்டங்கள் தருவிக்கப்பட்டன. அவற்றில் பொருத்தப்பட்டவையோ பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்கள். பெர்க்கின்ஸ் நிறுவனம் 1932இல்தான் தோன்றியது; ஆறே ஆண்டு வயதுடைய ஒரு பெயரை நம்பிக் கன்னியாகுமரித் தடத்தை அரசு ஒப்படைத்தது துணிச்சலான செயலே. கூண்டு கட்டியவர்கள், லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிவிட்டு வந்த சால்ட்டரின் மேற்பார்வையில் உழைத்த துறைத் தொழிலாளர்கள். ஆக, ஒரே வண்டியில் மூவரின் உழைப்பு. அது பழுதின்றி ஓடினால் புகழை எவருக்குச் சேர்ப்பது? காமரின் கணக்கில் மட்டும் எழுதினால் தொழிலாளர்கள் வரலாற்றிலிருந்தே மறைந்துபோவர்.

ஜாம்ஷெட்பூரில் டாடா–பென்ஸ் கூட்டு 1954இலும் எண்ணூரில் அசோக் லேலண்ட் 1955இலும் உருவானபின், ஒப்பீடு இவ்விரு பெயர்களுக்கிடையே சுருங்கியது. பயணிகள் இதைப் பெரிதாகக் கொண்டதாகத் தெரியவில்லை. முத்திரையிலுள்ள யானைகளைக் கொண்டு, எந்த நிறுவனத்தின் வண்டியாயினும் அதை அவர்கள் ‘ஆனவண்டி’ என்றே அழைக்கின்றனர்.