மோனால்

கிழக்கு ஆப்கானிஸ்தான் முதல் பூட்டான் வரை இமயமலைச் சரிவுகளில், ஏறத்தாழ 2,100 மீட்டருக்கும் 4,500 மீட்டருக்கும் இடைப்பட்ட உயரத்தில் வாழும் பறவை. மயிலும் காட்டுக்கோழியும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. அறிவியற்பெயர் லோஃபோபோரஸ் இம்பெஜானஸ். நேபாளத்தின் தேசியப் பறவை. உத்தராகண்டின் மாநிலப் பறவை.

சேவல் சுமார் 70 செ.மீ. நீளமும் 2 கிலோவுக்கு மேல் எடையும் உடையது. தலை பச்சை, பின்கழுத்து செம்பு, முதுகு நீலமும் ஊதாவும் கலந்தது. வெயில் விழும் பக்கம் மாறினால் நிறமும் மாறும். கொண்டையைத் தனியே சொல்ல வேண்டும்: கம்பி போன்ற வெறுந்தண்டுகள், நுனியில் மட்டும் சிறு கரண்டியாக விரிந்த இறகு, தலையசைப்புக்கெல்லாம் அது துள்ளும். பெட்டை பழுப்பு நிறம். தொண்டை வெள்ளை, கண்ணைச் சுற்றி நீலத்தோல்.

இனப்பெருக்கக் காலம் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை. பாறைக்கோ புதருக்கோ அடியில் பெட்டை மண்ணைக் கீறிக் குழியாக்கி, பெரும்பாலும் 3 முதல் 5 முட்டைகள் இடும். சுமார் 27 நாள் தனியே அடைகாக்கும்; அப்போது அது சருகோடு சருகாகத் தெரியும். இளஞ்சேவல் முதலாண்டில் தாயின் நிறத்திலேயே இருக்கும். சேவல் ஒரே பெட்டையோடு இணைவதா, பலவற்றோடு கூடுவதா என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. இரை தேடும்போது கோழி காலால் கிளறும். மோனால் வளைந்த அலகையே மண்வெட்டியாக்கிக் கிழங்கும் புழுவும் தோண்டும், குளிர்காலத்தில் பனியையும் கூட. அக்காலத்தில் தாழ்வான காடுகளுக்கு இறங்கிவிடும்.

இதன் எழுத்து வரலாறு கல்கத்தாவில் தொடங்குகிறது. அங்கே தலைமை நீதிபதியாக இருந்த எலைஜா இம்பேயின் மனைவி மேரி இம்பே உயிருள்ள பறவைகளை வளர்த்து, ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய ஓவியர்களைக் கொண்டு வரைவித்தார். மோனாலை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோக அவர் முயன்றதாகவும், பறவைகள் கடலிலேயே இறந்ததாகவும் பழைய நூல்கள் கூறும். 1790-இல் பறவையியலாளர் ஜான் லேதம் சூட்டிய அறிவியற்பெயர் மேரி இம்பேயின் பெயரால் அமைந்தது. அதை ‘இம்பேயானஸ்’ எனத் திருத்தி எழுதியோரும் உண்டு.

பிறகு வந்த செய்திகள் பெரும்பாலும் வேட்டைக்காரர் தந்தவை. பாகீரதி ஆற்றங்கரையில் ஹர்சிலில் குடியேறிய ஆங்கிலேய வேட்டைக்காரர் வில்சன் (படையை விட்டு ஓடிவந்தவர் என்பர்) தோல், கஸ்தூரி, மர வணிகம் செய்தவர். மோனாலின் பழக்கங்களை அவர் எழுதிய அளவு நுணுக்கமாக அக்காலத்தில் எழுதியவர் சிலரே. பறவையியலாளர்களான ஹியூமும் மார்ஷலும் 1879-81இல் வெளியிட்ட வேட்டைப்பறவை நூலில் அவர் குறிப்புகளை எடுத்தாண்டனர். மோனால் தோல்கள் ஐரோப்பியத் தொப்பிக் கடைகளுக்குப் போயின; 1902-இல் இந்திய அரசு காட்டுப் பறவை இறகு ஏற்றுமதியைத் தடைசெய்தது. அதற்கு முன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இமயமலைப் பகுதியான சம்பாவில் கிடைத்த வேற்றுநிறச் சேவலைத் தனி இனம் என்றனர். பின்வந்தோர் நிற வேறுபாடு மட்டுமே என்று கருதினர்.

1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மோனால் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. இமாச்சலக் குல்லாயில் கொண்டை இறகைச் செருகுவது பழைய வழக்கம். அம்மாநிலம் 2007-இல் மோனாலுக்குப் பதிலாக அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜுஜுரானாவை மாநிலப் பறவையாக்கியது.