மீண்டும் மீண்டும் வரும் கீழ்முதுகு வலி: இயன்முறை சிகிச்சை

கீழ்முதுகு வலி என்பது விலா எலும்புகளுக்குக் கீழே, பிட்டத்திற்கு மேலே தோன்றும் வலியாகும். 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61.9 கோடி பேருக்கு இவ்வலி இருந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. பெரும்பாலும் சில வாரங்களில் தணியும்; ஆயினும் பலருக்கு மீண்டும் வரும்.

யாருக்கு வரலாம்?
பாலவனத்தம், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் குனிந்து களை எடுப்போர், பருத்தி எடுப்போர், நெடுநேரம் தறியில் அமர்வோர், தண்ணீர்க் குடம் சுமப்போர் ஆகியோரின் முதுகு தொடர்ந்து சுமையேற்கிறது. வலியால் கூலியும் இழக்க நேரிடுகிறது.

ஏன் திரும்ப வருகிறது?
வலியுள்ளபோது பலர் நாள்கணக்கில் படுத்திருக்கின்றனர். வலி நின்றதும் பயிற்சியைக் கைவிடுகின்றனர். இவ்விரண்டாலும் முதுகு, வயிற்றுத் தசைகள் வலிமை குன்றுகின்றன. வலியில்லாத நாள்களிலும் தொடரும் பயிற்சியே வலி திரும்பும் வாய்ப்பைக் குறைக்கும்.

செய்ய வேண்டியவை
இயன்முறை மருத்துவரிடம் கற்றபின் வீட்டில் தொடரவும்.
• மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மடித்து மார்பை நோக்கி மெல்ல இழுத்தல்.
• மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, இடுப்பை உயர்த்தி 5 நொடிகள் நிறுத்துதல். 8 முதல் 10 முறை.
• நாள்தோறும் நடத்தல். நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுதல்.

தொடக்கத்தில் இலேசான வலி இருக்கலாம். வலி காலுக்குப் பரவினாலோ மிகுந்தாலோ பயிற்சியை நிறுத்தி ஆலோசனை பெறவும்.

வேலையின்போது
அரைமணிக்கு ஒருமுறை நிமிர்ந்து சில அடிகள் நடக்கவும். குடத்தை முழங்கால்களை மடித்து, உடலோடு ஒட்டித் தூக்கவும்.

பராமரிப்போர் கவனத்திற்கு
"அசையாமல் படுத்திரு" என்று வற்புறுத்த வேண்டாம். இயன்ற வேலைகளைச் செய்ய ஊக்குவியுங்கள். வலி நின்ற பின்பும் பயிற்சியை நினைவூட்டுங்கள்.

எங்கு அணுகலாம்?
முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிக்கப்படுகிறது. மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்
• சிறுநீர் கழிக்க இயலாமை, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றி வெளியேறுதல்
• பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதியில் மரத்துப்போதல்
• கால் பலவீனம்
• காய்ச்சல், காரணமற்ற எடை இழப்பு
• கீழே விழுந்த பின் கடும் வலி

இவற்றிற்குப் பயிற்சி தீர்வாகாது. தாமதித்தால் நிரந்தரப் பாதிப்பு ஏற்படலாம். அவசர ஊர்திக்கு 108ஐ அழைக்கவும்.