மானிப்பாய் டாக்டரும் நம் தோட்டத்து டிரசரும்



பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டங்களில் அந்த நாளில் வளர்ந்தவர்களுக்கு டிரசரைத் தெரியாமல் இருக்காது. விடியற்காலைப் பெரட்டில் "உடம்புக்கு முடியலைங்க" என்று சொன்னால் அவரிடம்தான் அனுப்புவார்கள். பால் வெட்டும் கத்தி கையைக் கிழித்தாலும் அவர்தான், லயத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் அவர்தான். அவர் கலக்கித் தரும் கசப்பு மருந்தை நினைத்து இன்றும் முகம் சுளிக்கும் பாட்டிமார் உண்டு.

டிரசராகவும் கிராணியாகவும் மலாயாவுக்கு வந்தவர்களில் மலையாளிகளும் இருந்தார்கள், யாழ்ப்பாணத்தாரும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தாருக்கு அந்தப் படிப்பு எங்கே கிடைத்தது என்று கேட்டால், பெரும்பாலும் மிஷன் பள்ளிக்கூடங்களில். அமெரிக்க மிஷன் 1816லேயே அங்கே வேலையைத் தொடங்கிவிட்டது. அந்த மிஷனுக்கு வந்த ஒரு டாக்டரைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். நம்மில் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் இருக்கிறோம். இந்தக் கதை இரு சாராருக்கும் வேண்டியதுதான்.

அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவில் வூஸ்டர் என்னும் ஊரில் 1822இல் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்று, 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு வருடமே மானிப்பாயில் மருத்துவமனை வைத்தார். பிரசங்க மேடையில் பேசிப் பேர் வாங்க வந்தவர் இல்லை. புண்ணைக் கழுவுவதும், கட்டி அறுப்பதும், பிரசவம் பார்ப்பதும், அதையெல்லாம் உள்ளூர்ப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பதுமே அவருடைய ஊழியம். கர்த்தருக்குச் செய்யும் தொண்டு வேறு, அன்றாடம் செய்யும் வேலை வேறு என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

முதலில் ஆங்கிலத்தில்தான் பாடம் சொன்னார். அதில் ஒரு சங்கடம் வந்தது. படித்து முடித்த பையன்கள் அரசாங்க உத்தியோகம் என்று போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? வீட்டில் கஷ்டம் இருந்திருக்கும். ஆனால் கிராமத்து நோயாளிக்கு டாக்டர் இல்லாமல் போனது. கிறீன் யோசித்தார். 1864இல் மருத்துவம் முழுவதையும் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். தமிழில் படித்தால் ஊரிலேயே இருப்பார்கள், ஊராரோடு ஊராராக வேலை செய்வார்கள் என்பது அவர் கணக்கு. மாணவர்கள் தங்கள் சொந்த உடையையும் உணவுப் பழக்கத்தையும் விட்டுவிடக் கூடாது என்பதிலும் கண்டிப்பாக இருந்தார். கிறிஸ்தவன் ஆவதற்கு வெள்ளைக்காரன் ஆக வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம்.

"தமிழில் படித்தால் வேலை கிடைக்குமா?" என்ற கேள்வி அப்போதே எழுந்தது. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று நீங்கள் வீட்டில் பேசிக்கொள்ளும் அதே கேள்விதான்!

தமிழில் பாடம் சொல்வதென்றால் புத்தகம் வேண்டுமே. மாணவர்கள் மொழிபெயர்க்க, அவர் திருத்தினார். சிலவற்றை அவரே எழுதினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், உடற்கூற்றைச் சொல்லும் மனுஷ அங்காதிபாதம் எல்லாம் இப்படி வந்தவை. ரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயர் வைத்தார். கேட்டால் சிரிப்பு வருகிறதல்லவா? தமிழில் சொல் இருந்தால் எடுத்துக்கொண்டார், இல்லாவிட்டால் வடமொழியிலோ ஆங்கிலத்திலோ தேடினார். அந்தச் சொற்களையெல்லாம் தொகுத்து அகராதியும் செய்தார். மொத்தம் 4,000 பக்கங்களுக்கு மேல். பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்த மனிதர் செய்த வேலை இது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அவரிடம் படித்து டாக்டரானவர்கள் 60 பேருக்கு மேல். அவர்களில் 33 பேர் தமிழிலேயே படித்தவர்கள்.

எல்லாம் அவர் நினைத்தபடி நடந்தது என்று சொல்ல மாட்டேன். 1870இல் கொழும்பில் அரசாங்கம் ஆங்கில மருத்துவக் கல்லூரி திறந்தது. உத்தியோகம் அங்கே இருந்தது, பிள்ளைகளும் அங்கே போனார்கள். 1873இல் கிறீன் உடல்நலம் கெட்டு ஊர் திரும்பிய பிறகு மானிப்பாயின் தமிழ் மருத்துவப் படிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. அது தமிழின் குறையா, பிழைப்பின் நெருக்கடியா? பிழைப்பின் நெருக்கடி என்றுதான் எனக்குப் படுகிறது. ஆஸ்பத்திரி மட்டும் நின்றது. கிறீன் ஞாபகார்த்த மருத்துவமனை என்று அவர் பெயரையே சூடிக்கொண்டது.

வூஸ்டரில் பனி பெய்யும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் தமிழ்ப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டே இருந்தார். மனுஷ சுகரணம் என்ற நூல் 1883இல் வெளிவந்தது. அடுத்த வருடம் மே மாதம் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்கும்படி கேட்டிருந்தார். அப்படியே பொறித்தார்கள்.