வணிகப் பெருஞ்சந்தையும் தொழில்நெறியும்: ஜேர்மனி காட்டும் வரலாறு

வணிகர் கூடும் இடங்கள் இருவகைப்படும். நாள்தோறும் திறந்திருக்கும் கடைத்தெரு ஒன்று. ஆண்டில் ஒருமுறையோ இருமுறையோ கூடி, சில நாள்களிற் கலைந்துவிடும் பெருஞ்சந்தை மற்றொன்று. கடைத்தெருவிலே வாங்குவோனும் விற்போனும் ஒருவரையொருவர் அறிவர். இன்று ஏமாற்றினால் நாளை அவன் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற எண்ணம் இருவரையும் நெறிப்படுத்தும். பெருஞ்சந்தையிலோ தொலைதூரத்து அயலார் கூடுகின்றனர். மறுபடியும் சந்திப்போம் என்ற உறுதி அவர்களுக்கில்லை. ஆதலால், அவர்கள் ஒருவரையொருவர் நம்புவதற்கு முன்னர், அச்சந்தையை நடத்துவோரை நம்ப வேண்டியவராகின்றனர்.

இக்காலத்து வணிகக் கண்காட்சிகளும் மாநாடுகளும் அப்பழைய பெருஞ்சந்தையின் வழித்தோன்றல்களே. அவற்றை நடத்துவது இன்று தனியொரு தொழிலாக வளர்ந்துள்ளது. அத்தொழிலுக்கு மூலதனம் மண்டபமுமன்று, மேடையுமன்று. நடத்துவோர்பால் மற்றவர் வைக்கும் நம்பிக்கையே ஆகும். அந்நம்பிக்கையை ஒரு நாடு எவ்வாறு விதியாகவும், கணக்காகவும், பயிற்சியாகவும் படிப்படியாக மாற்றிக்கொண்டது என்பதை ஜேர்மனியின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

ஜேர்மன் மொழியிலே வணிகக் கண்காட்சிக்கு வழங்கும் பெயர் 'மெஸ்ஸே' என்பதாகும். கிறித்தவத் தேவாலயப் பூசையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. திருநாட் பூசைக்காக மக்கள் திரண்ட இடத்திலே வணிகரும் திரண்டனர். வழிபாட்டின் பெயரே சந்தைக்கும் ஆயிற்று. ஆனால் அக்காலத்து வணிகனுக்குச் சந்தையைவிடச் சந்தைக்குச் செல்லும் வழியே பெருங்கவலையாக இருந்தது. கள்வர் ஒருபுறம், வழிநெடுகச் சுங்கம் பறிக்கும் குறுநிலத் தலைவர் மறுபுறம். 1240ஆம் ஆண்டிலே பேரரசர் இரண்டாம் பிரெடெரிக், பிராங்போர்ட் சந்தைக்குச் செல்லும் வணிகர் யாவரையும் தமது பாதுகாப்பின்கீழ்க் கொண்டுவந்தார். வருபவனுக்கு உயிரச்சம் இல்லாதிருக்க வேண்டும் என்பதே சந்தை நடத்துவோரின் முதற் கடமையாயிற்று.

பிராங்போர்ட்டுக்கு நிகராகப் பின்னர் வளர்ந்தது லைப்சிக் நகரம். கிழக்கு மேற்காகவும் வடக்குத் தெற்காகவும் சென்ற இரு பெருவழிகள் அங்கே குறுக்கிட்டன. 1497ஆம் ஆண்டிலே மாக்சிமிலியன் மன்னர் அந்நகரச் சந்தைகளுக்குச் சிறப்புரிமை வழங்கினார். சுற்றியுள்ள பரந்த வட்டாரத்தில் வேறெந்த நகரும் போட்டிச் சந்தை நடத்தலாகாது என்று 1507ஆம் ஆண்டில் அவ்வுரிமை மேலும் விரிவாக்கப்பட்டது.

உரிமை பெற்றதோடு லைப்சிக் நகரத்தார் வாளாவிருந்தாரல்லர். 1555ஆம் ஆண்டிலே சந்தைத் திடலின் ஓரத்தில் நகரசபையின் நிறைகோல் மண்டபத்தை எழுப்பினர். வாணிகப் பொருள்கள் அங்கே நிறுக்கப்பட்டன. விற்பவன் தராசுமன்று, வாங்குபவன் தராசுமன்று, நகரத்தின் பொதுத் தராசு என்பதே அதன் சிறப்பு. அம்மண்டபத்தைக் கட்டுவித்த ஹீரோனிமஸ் லொட்டர் என்பவரே 1556ஆம் ஆண்டில் புதிய நகர மண்டபத்தையும் கட்டத் தொடங்கினார். சந்தைக் கூட்டத்துக்கு இடையூறு நேராதபடி, இரு சந்தைகளுக்கு இடைப்பட்ட ஏறத்தாழ ஒன்பது மாதங்களிலே அப்பெருங்கட்டடத்தின் வேலையை அவர் முடித்தார் என்பர். குறித்த நாளிலே கதவு திறக்கப்படல் வேண்டும், அதிலே தவணை கேட்க இடமில்லை என்னும் இத்தொழிலின் நியதி அன்றே தெரிந்திருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே புகைவண்டி வந்தது, தொழிற்சாலை வந்தது. பொருள்களை வண்டிகளில் மூட்டைமூட்டையாக ஏற்றிவந்து சந்தையிலே குவிக்கும் பழைய முறை பொருளற்றதாயிற்று. ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற ஆயிரம் பொருள்களைத் தொழிற்சாலை செய்து தருமாயின், அவற்றுள் ஒன்றைக் காட்டினாற் போதுமன்றோ? இவ்வுண்மையை உணர்ந்த லைப்சிக் நகரம் 1895ஆம் ஆண்டிலே மாதிரிப் பொருட் சந்தையை நடத்திற்று. வணிகன் மாதிரியைப் பார்த்துக் கட்டளை கொடுப்பான். பொருள் பின்னர் அவனிருக்கும் ஊருக்குப் போய்ச் சேரும். மாதிரிகளை வைப்பதற்கென்றே தனிமாளிகைகள் எழுந்தன. பார்ப்போர் ஒரு காட்சியையும் தவறவிடாது சுற்றிவருமாறு அவற்றின் நடைவழிகள் அமைக்கப்பட்டன.

இம்மாற்றத்தால் நம்பிக்கையின் சுமை பன்மடங்காயிற்று. முன்னர் வாங்குபவன் கண்ட பொருளையே கொண்டு சென்றான். இப்பொழுதோ கண்டது ஒன்று. கைக்கு வருவது மற்றொன்று. இரண்டும் ஒன்றாயிருக்கும் என்பதற்கு விற்பவனின் நாணயமே பிணை. ஜேர்மானியரின் அந்நாணயம் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே உலகறியச் சோதனைக்குள்ளாகியிருந்தது. 1876ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அங்கே ஜேர்மனியின் பிரதிநிதியாகச் சென்ற பேராசிரியர் பிரான்ஸ் ரூலோ, தம் நாட்டுப் பொருள்கள் மலிவானவை, ஆயினும் தரமற்றவை என்று தாயகத்துப் பத்திரிகைக்கு வெளிப்படையாக எழுதினார். தம்மவரே தம்மை இழித்துரைத்தாரெனப் பலர் சினந்தனர். அயல்நாட்டான் கூறியிருந்தால் பொறாமையென்று தள்ளியிருப்பர்; சொன்னவர் தங்கள் பேராசிரியராதலால் தள்ள முடியவில்லை. 1887ஆம் ஆண்டிலே பிரித்தானியா ஒரு சட்டம் இயற்றிற்று. அதனால் அங்கு இறக்குமதியான ஜேர்மன் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயரும் பொறிக்கப்படலாயிற்று. இழிவின் அடையாளமாகக் கருதப்பட்ட அப்பொறிப்பு, தரம் உயர்ந்த பின்னர் பெருமையின் அடையாளமாயிற்று.

பொருள் திருந்தியது, எனினும் பொருளைக் காட்டும் மேடை திருந்தவில்லை. அக்காலத்திலே கண்காட்சி நடத்துவது எளிதிற் பணம் ஈட்டும் வழியெனப் பலர் கண்டுகொண்டனர். இன்னாரென்று அறியப்படாதோர் கண்காட்சி என்று அறிவிப்பர், இடவாடகை வாங்குவர், பங்குபற்றியோருக்குப் பதக்கமும் நற்சான்றும் விலைக்கு வழங்குவர். உண்மையான பதக்கத்துக்கும் விலைப் பதக்கத்துக்கும் வேறுபாடு காண மக்களால் இயலவில்லை. இத்தீமையைத் தடுக்க வேண்டிய நிலையில், 1907ஆம் ஆண்டிலே ஜேர்மன் கைத்தொழிற் சங்கங்கள் ஒன்றுகூடிப் பேர்லினில் நிலையான கண்காட்சி ஆணைக்குழு ஒன்றை நிறுவின. எந்தக் கண்காட்சி தகுதியுடையது, எது தகுதியற்றது என்று ஆராய்ந்து உறுப்பினருக்கு உரைப்பது அதன் பணிகளுள் ஒன்று. வேறு பெயரோடு அவ்வமைப்பு இன்றும் தொழிற்படுகின்றது. இதிற் கவனிக்கத்தக்கது யாதெனில், ஒழுங்கை முதலிற் கோரியவர் பணம் கொடுத்து ஏமாந்த தொழிலதிபர்களே என்பதாகும்.

நாட்டெல்லை கடந்த கண்காட்சிகளுக்கும் விதி வேண்டும் என்ற கருத்து இதனையடுத்து வலுப்பெற்றது. 1912ஆம் ஆண்டிலே பேர்லினில் கூடிய மாநாடு ஓர் உடன்படிக்கையை வரைந்தது. முதல் உலகப்போர் மூண்டமையால் அது நடைமுறைக்கு வரவில்லை. 1925ஆம் ஆண்டிலே ஐரோப்பியச் சந்தைகள் 20 மிலான் நகரிற் கூடித் தமக்கென ஓர் ஒன்றியத்தை அமைத்தன. 1928ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் 31 நாடுகள் சர்வதேசக் கண்காட்சிகள் பற்றிய உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன.

இவ்வளவு விதிகள் இருந்தும், அவற்றின் அடித்தளம் இடிந்த காலமொன்றும் உண்டு. லைப்சிக் நகரின் புறூல் வீதி, உரோமத்தோல் வாணிகத்தில் உலகப்புகழ் பெற்றது. அவ்வாணிகத்தை வளர்த்தோருள் யூத வணிகர் முதன்மையானவர். 1933ஆம் ஆண்டிலே நாசிகள் ஆட்சிக்கு வந்தபின் அவர்களின் கடைகள் பறிக்கப்பட்டன. பலர் நாட்டைவிட்டு ஓடினர். ஓட இயலாதோருட் பலர் கொல்லப்பட்டனர். மண்டபங்களும் நின்றன, அட்டவணைகளும் இருந்தன, அலுவலர்களும் திறமை குன்றாதிருந்தனர். ஆனால் 1240ஆம் ஆண்டிலே ஒரு பேரரசர் அயல்வணிகனுக்கு அளித்த உயிர்ப்பாதுகாப்பை, ஏழு நூற்றாண்டுகள் கழித்து ஓர் அரசு தன் குடிகளுக்கே மறுத்தது. நீதியைத் துறந்த திறமை எதற்கும் கருவியாகும் என்பதை இதனினும் கொடுமையாக உணர்த்தும் சான்று வேண்டியதில்லை.

போர் முடிந்தபின் நாடு பிளவுண்டது. லைப்சிக் சோவியத் பகுதியில் அமைந்தது. 1946ஆம் ஆண்டிலே அங்கு சந்தை மீண்டும் கூடிற்று. மேற்குப் பகுதிக்கு ஒரு சந்தை வேண்டுமென எண்ணிய பிரித்தானிய இராணுவ நிருவாகம், 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஹனோவர் நகரின் அருகே ஏற்றுமதிக் கண்காட்சி ஒன்றைத் தொடங்கிற்று. நகரமோ குண்டுவீச்சினாற் சிதைந்திருந்தது, விடுதிகள் போதா, உணவு பங்கீட்டிலே இருந்தது. ஏறத்தாழ 1,300 நிறுவனங்கள் பங்குகொண்ட அக்கண்காட்சிக்கு 7 இலட்சத்து 36 ஆயிரம் பேர் வந்தனர். பங்கீட்டு அட்டையின்றிக் கிடைத்த மீன் வைத்த ரொட்டியை உண்டு அவர்கள் பசியாறினர். நகர மக்கள் தம் எஞ்சிய அறைகளை விருந்தினருக்கு ஒழித்துக் கொடுத்தனர். இவ்வழக்கம் பின்னரும் ஆண்டுதோறும் தொடர்ந்தது. விருந்தினரை வீட்டிலேற்ற இல்லத்தரசிகளைச் 'சந்தை அன்னையர்' என்று அழைக்குமளவுக்கு அவர்கள்பால் அன்பு வளர்ந்தது.

வருவோர் தொகை பெருகப் பெருகப் புதிய தீமையொன்று தலைகாட்டிற்று. ஒவ்வொரு கண்காட்சியும் தன்னிடம் வந்தோர் தொகையைக் கூட்டிச் சொல்லத் தொடங்கின், இடவாடகை கொடுப்பவன் எதை நம்புவான்? இதற்கு விடையாக 1965ஆம் ஆண்டிலே சில கண்காட்சி நிறுவனங்கள் சேர்ந்து, தம் கணக்குகளை வெளியாரான கணக்காய்வாளரின் சோதனைக்குத் தாமாகவே உட்படுத்தும் அமைப்பொன்றை ஏற்படுத்தின. இடத்தின் பரப்பு, பங்குபற்றியோர் தொகை, வந்தோர் தொகை ஆகியவை ஒரே முறையில் அளக்கப்பட்டுச் சான்று வழங்கப்படலாயின. லைப்சிக்கின் பொதுத் தராசு புதிய வடிவில் மீண்டு வந்தது எனலாம். 1973ஆம் ஆண்டிலே, மாநாடுகளை ஜேர்மனிக்கு வரவழைப்பதற்கெனத் தேசிய மாநாட்டுப் பணியகமும் நிறுவப்பட்டது.

இனி, இத்தொழிலைச் செய்யும் மனிதரைப் பற்றிக் கூறவேண்டும். பலர் கூடும் மண்டபத்திலே அறியாமை உயிர்க்கொலையாக முடியும். 1881ஆம் ஆண்டு டிசம்பரில் வியன்னா நகரின் ரிங் நாடக அரங்கு தீப்பற்றி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். உட்புறமாகத் திறக்கும் கதவுகள் நெருக்கத்திலே திறவாமற் போயின. அப்பேரிடருக்குப் பின்னர் அரங்கு விதிகள் கடுமையாயின. 1889ஆம் ஆண்டிலே பிரஷ்ய அரசு நாடக அரங்குகளுக்கும் பொதுக்கூட்ட மண்டபங்களுக்கும் விரிவான விதிகளை வகுத்தது. எனினும் மேடையமைப்போன், ஒளியமைப்போன், நிகழ்ச்சியைத் திட்டமிடுவோன் ஆகியோர் நெடுங்காலம் கண்டும் கேட்டுமே தொழில் பயின்றனர். 1998ஆம் ஆண்டிலே நிகழ்ச்சித் தொழில்நுட்பமும், 2001ஆம் ஆண்டிலே நிகழ்ச்சி வணிகமும் அரசு ஏற்ற பயிற்சித் தொழில்களாயின. ஒவ்வொன்றும் மூன்றாண்டுப் பயிற்சி. பயிலுநர் ஒரு நிறுவனத்தில் வேலை பழகுவதோடு தொழிற்பாடசாலையிலும் கற்பர். முடிவிலே சோதனை நடத்துவது அந்நிறுவனமன்று, வர்த்தகக் கைத்தொழில் மன்றமே. பயிற்றுவித்தவனே தேர்ச்சியையும் வழங்கலாகாது என்பது இம்முறையின் உயிர்நாடி.

விதியும் சான்றிதழும் இருந்தும், அவற்றை எடுத்துரைக்கும் துணிவு இல்லாவிடின் பயனில்லை. 2010ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் டூயிஸ்பேர்க் நகரில் நடைபெற்ற இசைவிழாவில், பெருங்கூட்டம் ஒடுங்கிய நுழைவழியில் நெருக்குண்டு 21 பேர் உயிரிழந்தனர். அது வணிகக் கண்காட்சியன்றாயினும், கூட்டம் கூட்டுவோர் அனைவரையும் உலுக்கிற்று. வழக்கு 2020ஆம் ஆண்டிலே தீர்ப்பின்றி முடிவுற்றது. இந்த இடத்தில் இத்தனை பேருக்கு மேல் கொள்ளாது என்று உரிய காலத்திற் கூறுவதும், கூறியதற்குச் செவிசாய்ப்பதுமே தொழில்நெறியின் இறுதிச் சோதனை.

நம் நாட்டிலும் சீன மக்கள் குடியரசின் அன்பளிப்பாகப் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம் 1973ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டிலே அணிசேரா நாடுகளின் தலைவர்கள் அங்கே கூடினர். மண்டபத்தை நண்பர் கட்டித் தரலாம். அதனுள்ளே நேர்மையான கணக்கையும், சோதிக்கப்பட்ட திறமையையும், விருந்தினனின் உயிருக்குப் பொறுப்பேற்கும் மனத்தையும் நாமே வளர்த்துக்கொள்ளல் வேண்டும். ஜேர்மானியர் அவற்றைப் பல நூற்றாண்டுகளில், பெரும்பாலும் இழப்பின் வாயிலாகவே கற்றனர். பிறர் இழந்து கற்றதை நாம் படித்துக் கற்க இயலுமாயின், அதுவே வரலாற்றினால் நாம் பெறும் பயனாகும்.