ரத்தத்தில் பூஞ்சையைத் தேடிய கதை

போன தடவை கோமுகி அணையைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை கொஞ்சம் பயமுறுத்துகிற விஷயம். ஆனாலும் வரலாறுதான், தைரியமாகப் படிக்கலாம்!

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலை. கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கொரோனாவிலிருந்து பிழைத்து வீடு திரும்பினார். சர்க்கரை வியாதிக்காரர். பத்து நாள் கழித்துக் கன்னம் வீங்கி, பல் வலிக்கிறது என்றார். பல் டாக்டரிடம் போனார்கள். அப்புறம் கண் டாக்டர். கடைசியில் வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்தான் "கருப்புப் பூஞ்சை" என்று சொன்னார்கள். உயிர் தப்பியது, ஒரு கண் போய்விட்டது. அவருடைய மகன் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "எல்லாத்துக்கும் ரத்தம் எடுக்கறாங்களே, இதை ரத்தத்துல முன்னாடியே பாத்திருக்க முடியாதா?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

என்ன கஷ்டம்?

பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. தினமும் சுவாசிக்கிறோம். ஆரோக்கியமான உடம்பு அவற்றை அழித்துவிடும். புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்று, எச்.ஐ.வி., கட்டுக்கு அடங்காத சர்க்கரை, அதிகமான ஸ்டீராய்டு என்று எதிர்ப்புச் சக்தி குறையும்போதுதான் அவை உள்ளே புகுந்து நுரையீரல், மூளை வரை போகின்றன.

பழைய முறை, ரத்தத்தை ஒரு பாட்டிலில் விட்டுப் பூஞ்சை வளர்கிறதா என்று காத்திருப்பது. கேண்டிடா என்ற பூஞ்சை வளரச் சில நாட்கள் ஆகும். அப்படிக் காத்திருந்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் அகப்படும். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற இன்னொன்று ரத்தத்தில் வளர்வதே அபூர்வம். நோயாளிக்கோ அவ்வளவு நாள் அவகாசம் கிடையாது.

அதனால் ஆராய்ச்சியாளர்கள் வேறு வழி யோசித்தார்கள். பூஞ்சைக்குச் செல் சுவர் உண்டு, மனித செல்லுக்கு அது கிடையாது. அந்தச் சுவரிலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் கலக்கும் துணுக்கைப் பிடித்துவிட்டால்? திருடன் கிடைக்காவிட்டாலும் அவன் காலடித் தடம் கிடைக்குமே!

முதல் வெற்றி

முதலில் சிக்கியது கிரிப்டோகாக்கஸ். மூளைக் காய்ச்சலை உண்டாக்கும் இந்தப் பூஞ்சையைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளாலான தடித்த உறை இருக்கிறது. 1963இல் லேடெக்ஸ் சோதனை வந்தது. நுண்ணிய லேடெக்ஸ் மணிகளில் எதிர்ப்பொருளைப் பூசி நோயாளியின் திரவத்தோடு கலப்பார்கள். பூஞ்சையின் உறைப்பொருள் இருந்தால் மணிகள் திரண்டு கட்டியாகும்.

இருபது வருடம் கழித்து எய்ட்ஸ் வந்ததும் இந்தச் சோதனையின் மதிப்பு பல மடங்கு கூடியது. இங்கே நம் மாநிலத்துக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எச்.ஐ.வி. இந்தியாவில் இருக்கிறதா என்று தேடினார்கள். நிர்மலா சேகரித்த மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். அவற்றைச் சோதிக்கும் வசதி அப்போது சென்னையில் இல்லை. ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுபோய், வேலூர் சி.எம்.சி.யில்தான் சோதித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரிந்தது அப்படித்தான். சென்னை மாதிரி நகரத்திலிருந்தே ரத்தம் ரயிலேறிப் போக வேண்டியிருந்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

எய்ட்ஸ் நோயாளிகளைக் கொன்றதில் கிரிப்டோகாக்கஸ் மூளைக் காய்ச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு. 2002இல் உகாண்டாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, தலைவலி தொடங்க ஏறக்குறைய மூன்று வாரங்களுக்கு முன்பே ரத்தத்தில் தடம் தெரிகிறது என்று காட்டியது. மூன்று வாரம்! அதற்குள் மாத்திரை கொடுத்தால் பலரைக் காப்பாற்றலாம். 2011இல் கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போன்ற ஒரு சிறிய பட்டைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பத்து நிமிடத்தில் முடிவு, பெரிய கருவி எதுவும் தேவையில்லை. எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த எச்.ஐ.வி. நோயாளிகளை முன்கூட்டியே சோதிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் அதே வருடம் பரிந்துரைத்தது.

நீல ரத்தம்

அடுத்த கதை கடற்கரையில் நடக்கிறது. குதிரைலாட நண்டுக்கு நீல ரத்தம். கிருமி பட்டால் அந்த ரத்தம் உறைந்துவிடும் என்று 1956இல் ஃபிரெடரிக் பாங் எழுதினார். அதிலிருந்து பாக்டீரியா நச்சைக் கண்டுபிடிக்கும் சோதனை பிறந்தது. 1981இல் ஜப்பானியர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். பூஞ்சைச் சுவரிலுள்ள பீட்டா குளூக்கான் பட்டாலும் அது உறைகிறது, அதற்குத் தனி வழி இருக்கிறது! பாக்டீரியா சோதனைக்குக் குறுக்கே வந்த தொந்தரவே பூஞ்சைச் சோதனையாக மாறியது. 2004இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது.

ஆஸ்பர்ஜில்லஸுக்கு அதன் சுவரிலுள்ள காலக்டோமன்னான் என்ற பொருளைத் தேடும் சோதனை 1995இல் மேம்படுத்தப்பட்டு, 2003இல் அமெரிக்க அனுமதி பெற்றது.

இரண்டிலும் குறைகள் உண்டு. குளூக்கான் சோதனை பூஞ்சை இருக்கிறது என்று சொல்லும், எந்தப் பூஞ்சை என்று சொல்லாது. காலக்டோமன்னான் சோதனையை, பென்சிலின் குடும்பத்து ஆன்டிபயாடிக் ஒன்று ஏமாற்றிய காலமும் உண்டு. பென்சிலினே பூஞ்சை தந்த மருந்துதானே!

திண்ணைக் கேள்விக்குப் பதில்

சரி, கருப்புப் பூஞ்சை? மியூக்கர் வகைப் பூஞ்சைகளின் சுவரில் காலக்டோமன்னான் இல்லை. அந்தச் சோதனை தேடும் அளவுக்குக் குளூக்கானும் இல்லை. அதாவது, இரண்டு சோதனைகளும் "நெகடிவ்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே முகத்துக்குள் திசு அழுகிக்கொண்டிருக்கும். மூக்குக்குள் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும், ஸ்கேனும், சதைப் பரிசோதனையும்தான் வழி.

2021 மே மாதம் தமிழக அரசு இதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஜூலைக்குள் நாடு முழுவதும் 45,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், 4,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரியவரின் மகனுக்கு அன்றைக்கு இருந்த நேர்மையான பதில்: "எங்களிடம் இருந்த ரத்த டெஸ்ட் இதைப் பார்க்காது."

இப்போது கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. மியூக்கர் பூஞ்சையின் டி.என்.ஏ.வை ரத்தத்தில் பி.சி.ஆர். முறையில் தேடலாம். வழக்கமான சோதனைகளைவிடச் சில நாட்கள் முன்பே அது காட்டிக்கொடுக்கிறது என்று 2022இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு வந்தது. இந்த நோயில் சில நாட்கள் என்பது ஒரு கண்ணின் விலை.

மலையிலிருந்து பார்த்தால்

கச்சிராயப்பாளையம் வழியாக மலையேறினால் வெள்ளிமலை. கல்வராயன் மலையை ஜாகிர்தார்களிடமிருந்து அரசு எடுத்ததே 1976இல்தான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில். அதற்கு முன்னால் பெரிய வியாதி என்றால் முண்டியம்பாக்கம், சேலம், இல்லாவிட்டால் புதுச்சேரி ஜிப்மர்.

1986இல் சென்னை ரத்தம் வேலூருக்கு ரயிலேறியது. இன்றைக்கும் மலைக்கிராமத்து ரத்தம் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. இந்த வரலாற்றைப் படித்ததில் எனக்குத் தோன்றியது இதுதான்: ஒரு சோதனை கண்டுபிடிக்கப்பட்ட வருடம் ஒன்று, அது நம் ஊருக்கு வந்து சேரும் வருடம் இன்னொன்று. நடுவில் இருக்கும் வருடங்களில்தான் ஆட்கள் போகிறார்கள். பத்து நிமிடப் பட்டை மாதிரி ஒன்று மியூக்கருக்கும் வந்தால் வெள்ளிமலையிலேயே பார்த்துவிடலாம். நம் வகுப்பில் லேப் படிப்புக்குப் போகப்போகிறவர்கள் யோசித்துப் பாருங்களேன்.

அதுவரை, வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர்கள் யாருக்காவது ஒரு பக்கக் கன்னம் வீங்கினாலோ, மரத்துப்போனாலோ, மூக்கிலிருந்து கருப்பாக வந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, ரத்த டெஸ்ட் நார்மல் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். எங்கள் தெருப் பெரியவர் இப்போது ஒற்றைக் கண்ணோடுதான் தினமும் பேப்பர் படிக்கிறார்.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.