வர்க்கலாவில் கைதான கிரிப்டோ தள நிறுவனர்: மோசடிப் பணம் மறையும் பாதையும் முன்கூட்டியே அறியும் வழிகளும்

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகருக்கு வடக்கே, செம்பாறைக் குன்றுகள் கடலை ஒட்டி நிற்கும் வர்க்கலா, வெளிநாட்டுப் பயணிகள் விரும்பித் தங்கும் சுற்றுலாத் தலமாகும். அங்கு விடுமுறைக்கு வந்திருந்த லிதுவேனியா நாட்டவரான அலெக்சேய் பெஷ்சியோகோவ் (46), 2025 மார்ச் 11 அன்று கேரள காவல்துறையால் கைது செய்யப்பட்டார். ‘கரான்டெக்ஸ்’ என்ற கிரிப்டோகரன்சி பரிமாற்றத் தளத்தின் இணை நிறுவனர்களுள் ஒருவர் எனக் கூறப்படும் இவர் மீது பணமோசடிச் சதி, பொருளாதாரத் தடை மீறல் உள்ளிட்ட குற்றச்சாட்டுகளை அமெரிக்கா சுமத்தியுள்ளது. அந்நாட்டின் வேண்டுகோளின் பேரில், 1962-ஆம் ஆண்டின் நாடு கடத்தல் சட்டத்தின் கீழ் தில்லி பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றம் முந்தைய நாள் பிறப்பித்த பிடியாணையைத் தொடர்ந்து, சிபிஐ உதவியுடன் இக்கைது நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது.

கரான்டெக்ஸ் தளத்தின் மீது அமெரிக்க நிதித்துறை 2022 ஏப்ரலிலேயே தடை விதித்திருந்தது. 2019 ஏப்ரல் முதல் குறைந்தபட்சம் 9,600 கோடி டாலர் மதிப்பிலான கிரிப்டோ பரிவர்த்தனைகள் இத்தளத்தில் நடந்துள்ளதாகவும், அவற்றில் கணினி ஊடுருவல், பிணைத்தொகை கேட்கும் மென்பொருள், போதைப்பொருள் கடத்தல் ஆகியவற்றால் ஈட்டப்பட்ட பணமும் கலந்திருந்ததாகவும் அமெரிக்க நீதித்துறை குற்றம்சாட்டியது. கைதுக்குச் சில நாள்களுக்கு முன்னர், ஜெர்மனி, பின்லாந்து அதிகாரிகளின் ஒத்துழைப்புடன் அதன் இணையதளம் முடக்கப்பட்டு, 2.6 கோடி டாலருக்கும் அதிகமான தொகை உறைய வைக்கப்பட்டது.

இவ்வழக்கு கேரள முதலீட்டாளர்கள் தொடர்பானது அன்று. எனினும், வாட்ஸ்அப் குழுவொன்றை நம்பிச் சேமிப்பை இழக்கும் ஒரு குடும்பத்தின் பணம் ஏன் எளிதில் திரும்புவதில்லை என்பதை இத்தகைய தளங்களே விளக்குகின்றன.

பணம் செல்லும் பாதை

பெரும்பாலான கிரிப்டோ மோசடிகளில் பாதிக்கப்பட்டவர் முதலில் அனுப்புவது கிரிப்டோ நாணயம் அன்று, சாதாரண ரூபாய்தான். யுபிஐ அல்லது வங்கிப் பரிமாற்றம் மூலம், முன்பின் அறியாத ஒருவரின் கணக்குக்கு அது செல்கிறது. கமிஷனுக்காகப் பிறர் வாடகைக்கு விட்ட கணக்குகளே இவற்றில் பல. அங்கிருந்து சில மணி நேரத்தில், ஏன், சில நிமிடங்களிலேயே தொகை பல கணக்குகளுக்குப் பிரிக்கப்படுகிறது. பின்னர் டாலர் மதிப்புடன் இணைக்கப்பட்ட டெதர் போன்ற நாணயமாக மாற்றப்பட்டு, பல டிஜிட்டல் பணப்பைகளைக் கடந்து வெளிநாட்டுத் தளத்தைச் சென்றடைகிறது.

பிளாக்செயின் பதிவேட்டில் ஒவ்வொரு பரிமாற்றமும் அனைவரும் காணும்படி நிலைத்திருக்கும். ஆனால், அதில் தெரிவது முகவரியே அன்றி உரிமையாளரின் பெயர் அன்று. பிட்காயினை நிறுத்தி வைக்கும் அதிகாரம் எந்த நிறுவனத்துக்கும் இல்லை. டெதரை வெளியிடும் நிறுவனம் குறிப்பிட்ட பணப்பைகளை முடக்க இயலும். கரான்டெக்ஸ் விவகாரத்திலும் அவ்வாறு செய்தது. ஆனால், உரிய முகவரியைக் கண்டறிந்து காவல்துறை கோரிக்கை அனுப்புவதற்குள் பணம் வேறிடத்துக்குச் சென்றிருந்தால் பயனில்லை. ஆகவே, தொகை ரூபாயாக வங்கிக்குள் இருக்கும் நேரமே அதைக் காப்பாற்றுவதற்கான நேரமாகும்.

மோரிஸ் காயின்: 1,200 கோடியும் 36.72 கோடியும்

கேரளத்தில் பெரிதும் பேசப்பட்ட மோசடி வழக்கு ‘மோரிஸ் காயின்’ ஆகும். புதிய கிரிப்டோ நாணயம் வெளியிடப்படவுள்ளதாகக் கூறி, நாளொன்றுக்கு 3 முதல் 5 விழுக்காடு வரை லாபம் தருவதாக வாக்குறுதி அளித்து, 900-க்கும் மேற்பட்டோரிடம் சுமார் 1,200 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாக அமலாக்கத்துறை தெரிவித்தது. 2022 ஜனவரியில் அத்துறை முடக்கிய சொத்துகளின் மதிப்பு 36.72 கோடி ரூபாய். திரட்டப்பட்டதாகக் கூறப்பட்ட தொகையில் இது ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே.

நாளொன்றுக்கு 3 விழுக்காடு என்பதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் ரூபாய்க்கு அன்றாடம் 3,000 ரூபாய். வட்டிக்கு வட்டி சேர்க்காமலேயே ஓராண்டில் 10.95 லட்சம் ரூபாய். கே.எஸ்.எஃப்.இ. என்ற அரசு நிறுவனமே 1969 முதல் சிட்டி நடத்தி வரும் மாநிலம் கேரளம். மாதத் தவணை, ஏலத் தள்ளுபடி, ஈவுத்தொகை ஆகியவற்றை விரல் நுனியில் வைத்திருப்போரும் இத்தகைய வாக்குறுதியை நம்பியதற்குக் காரணம், கிரிப்டோ என்ற சொல் வழக்கமான கணக்கைத் தள்ளி வைக்கச் செய்ததே எனலாம். தொழில்நுட்பம் புரியாவிட்டாலும் லாப விகிதம் புரியக்கூடியது. சந்தேகத்தை அங்கிருந்து தொடங்குவதே எளிது.

உலக அளவில் பெரும் இழப்பை ஏற்படுத்திய ‘ஒன்காயின்’ திட்டத்தில் முறையான பிளாக்செயினே இருக்கவில்லை. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ருஜா இக்னடோவா 2017 அக்டோபரில் பல்கேரியாவிலிருந்து ஏதென்ஸுக்கு விமானத்தில் சென்ற பின் தலைமறைவானார். இந்தியாவில் ‘கெயின்பிட்காயின்’ திட்டம் 18 மாதங்களுக்கு மாதந்தோறும் 10 விழுக்காடு பிட்காயின் தருவதாகக் கூறியது. பின்னர் பிட்காயினுக்குப் பதிலாக, தானே உருவாக்கிய மதிப்பு குறைந்த வேறொரு நாணயத்தை வழங்கியது. வாக்களித்த நாணயத்தை விடுத்து வேறொன்றைத் தர முற்படும் நிலையில், அத்திட்டத்தில் பணம் தீர்ந்து வருகிறது என்றே கொள்ள வேண்டும்.

திரையில் லாபம், கையில் இல்லை

அண்மை ஆண்டுகளில் பொதுக்கூட்டங்களும் முகவர்களும் குறைந்து, போலிச் செயலிகள் பெருகியுள்ளன. தவறுதலாக வந்தது போன்ற ஒரு வாட்ஸ்அப் செய்தி, திருமணத் தகவல் தளத்தில் கிடைத்த அறிமுகம், டெலிகிராமில் ‘நிபுணர்’ நடத்தும் குழு என இவை தொடங்குகின்றன. குழுவில் நன்றி தெரிவித்து லாபப் படங்களைப் பகிர்வோரில் பெரும்பாலோர் மோசடிக் கும்பலைச் சேர்ந்தவர்களே. பிரபலங்களின் முகமும் குரலும் போலியாகப் பயன்படுத்தப்படுகின்றன. சிங்கப்பூரின் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், தாம் கிரிப்டோ முதலீட்டைப் பரிந்துரைப்பது போன்ற போலிக் காணொலி குறித்து 2023 டிசம்பரில் பொதுமக்களை எச்சரிக்க நேர்ந்தது.

இதன் பின்னணியில் மற்றொரு துயரமும் உள்ளது. இச்செய்திகளை அனுப்புவோரில் பலர், வேலை என்று நம்பிச் சென்று அடைத்து வைக்கப்பட்டவர்கள். மியான்மரில் குறைந்தபட்சம் 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இணைய மோசடிகளில் ஈடுபடுமாறு கட்டாயப்படுத்தப்படுவதாக ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது.

செயலியில் முதலில் 10,000 ரூபாய் செலுத்தச் சொல்வார்கள். சில நாள்களில் அது 12,000 ரூபாயாகக் காட்டும். எடுக்க முயன்றால் உடனே வங்கிக்கு வந்தும் விடும். ஐயம் தீர்வது அங்கேதான். அடுத்து லட்சங்கள் செல்கின்றன. திரையில் கோடிகளாகத் தெரியும் தொகையை எடுக்க முற்படும்போது, ‘30 விழுக்காடு வரியை முன்கூட்டியே செலுத்துங்கள்’, ‘கணக்கை விடுவிக்க வைப்புத்தொகை கட்டுங்கள்’ என்ற செய்தி வரும். கட்டினால் மற்றொரு கட்டணம் முளைக்கும்.

மோசடியைத் திட்டவட்டமாகக் காட்டிக்கொடுப்பது இக்கோரிக்கையே. இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 விழுக்காடு வருமான வரி விதிக்கப்படுகிறது. மோசடிக்காரர்கள் அந்த எண்ணை அறிந்தே பயன்படுத்துகின்றனர். ஆனால், அவ்வரி வருமான வரித்துறைக்குச் செலுத்தப்படுவது. தனிநபரின் வங்கிக் கணக்குக்கு அன்று. 2022 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 1 விழுக்காடு பிடித்தமும் விற்பனைத் தொகையிலிருந்தே கழிக்கப்படும். சொந்தப் பணத்தை எடுக்க மேலும் பணம் கேட்கும் எந்தத் தளமும் மோசடித் தளமே.

பணம் அனுப்பும் முன்

கிரிப்டோ பரிமாற்ற நிறுவனங்கள் 2023 மார்ச் 7 முதல் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்ட வரம்புக்குள் கொண்டுவரப்பட்டு, மத்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. பதிவு செய்யாமல் இயங்கியதாக பைனான்ஸ் உள்ளிட்ட 9 வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அப்பிரிவு 2023 டிசம்பரில் நோட்டீஸ் அனுப்பியது. ஒரு தளம் பதிவு பெற்றதா என்பதை அத்தளம் காட்டும் சான்றிதழைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. அரசுத் தரப்புத் தகவலுடன் ஒப்பிட வேண்டும். பதிவு என்பது அரசின் உத்தரவாதம் அன்று என்பதும் கவனிக்கத்தக்கது. வங்கி வைப்புத்தொகைக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் காப்பீடு கிரிப்டோவுக்குக் கிடையாது. இந்தியத் தளமான வாசிர்எக்ஸ் 2024 ஜூலையில் இணைய ஊடுருவலில் 23 கோடி டாலருக்கும் அதிகமாக இழந்தது.

செயலியை வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பாகவோ இணைப்பு வழியாகவோ நிறுவக் கூடாது. நிறுவனத்தின் பெயரில் பணம் கேட்டுவிட்டு, தனிநபர் கணக்குக்கு, அதிலும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். டிஜிட்டல் பணப்பையின் 12 அல்லது 24 மீட்புச் சொற்களை ‘வாடிக்கையாளர் சேவை’ என்று அழைப்பவர் உட்பட எவரிடமும் கூறக் கூடாது; அவற்றைப் பெற்றவரே பணப்பையின் உரிமையாளராகி விடுகிறார்.

இழந்த பின்னர்

1930 என்ற உதவி எண்ணை உடனடியாக அழைத்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்ய வேண்டும். இந்த எண் நாடு முழுவதற்கும் பொதுவானது. திருவனந்தபுரத்தில் பணியாற்றும் நாகர்கோவில்காரர் எந்த மாநிலத்தில் புகார் அளிப்பது எனத் தயங்க வேண்டியதில்லை. எல்லை வரம்பைக் காரணம் காட்டாமல் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யச் சட்டத்தில் இடமுண்டு. வெட்கம் காரணமாக வீட்டாரிடம் மறைத்து ஓரிரு நாள் கடத்துவதே பலருக்குப் பேரிழப்பாக முடிகிறது.

வங்கிப் பரிவர்த்தனை எண், பெறுநர் கணக்கு விவரம், கிரிப்டோவாக அனுப்பியிருந்தால் பணப்பை முகவரி, பரிமாற்ற அடையாளக் குறியீடு ஆகியவற்றைச் சேகரிக்க வேண்டும். ஆத்திரத்தில் உரையாடலையோ செயலியையோ அழித்துவிடக் கூடாது.

பணத்தை இழந்தவர்களின் பட்டியல் மோசடிக்காரர்களிடையே கைமாறுவதும் உண்டு. சில வாரங்களில் ‘வழக்கறிஞர்’, ‘சைபர் நிபுணர்’, ‘காவல் அதிகாரி’ என்ற பெயரில் ஒருவர் அழைத்து, இழந்த தொகை கண்டுபிடிக்கப்பட்டுள்ளதாகவும் அதை விடுவிக்கச் சிறு கட்டணம் தேவை எனவும் கூறுவார். இழந்த பணத்தை மீட்டுத் தர காவல்துறையோ ரிசர்வ் வங்கியோ கட்டணம் வசூலிப்பதில்லை.